கம்பம்மெட்டுக்கு ஏற்ற டயர்

லூர்துநாதனுக்கு வேகத்தில் ஆர்வம் இருந்ததே இல்லை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதி, "எப்படிங்க இவ்வளவு வந்துச்சு?" என்ற கேள்வியை ஒவ்வொரு வாசலிலும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர். அப்படிப்பட்டவரிடம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதிகமாகச் சத்தம் போடும் கார் வந்து சேர்ந்ததற்கு அவருடைய மச்சினன் ரெக்ஸ்தான் காரணம்.

ரெக்ஸ் குவைத்துக்குப் போவதற்கு முன் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரை வாங்கி, அதை மாற்றிக்கொண்டே இருந்தான். தரையோடு தரையாக இறக்கினான். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் வேறு மாதிரி எழுதி வாங்கிவந்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு, பெயருக்கு மட்டும் சைலன்சராக இருக்கும் ஒன்றை மாட்டினான். கம்பெனி சக்கரங்களை விற்றுவிட்டு, பெரிய அலாய் சக்கரங்களில் அகலமான டயர் போட்டான். பிறகு விசா வந்தது. "நல்லாப் பாத்துக்கங்க மச்சான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

லூர்துநாதனின் மனைவி அனிதா மேரி, மலைக்கு மேலே கேரளாவில், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டக்காரர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் முழுக்க அங்கே விடுதியில் இருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் லூர்துநாதன் கம்பம்மெட்டு வழியாக ஏறிப்போய் அவளை இராயப்பன்பட்டி வீட்டுக்குக் கூட்டிவருவார். திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். கார் வந்தபிறகு பஸ்ஸுக்கு நிற்கும் தொல்லை இல்லை. வேகத்தடை வந்தால் மட்டும் நண்டு மாதிரி சாய்வாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. மற்றபடி ஒரு கணவன் மனைவிக்குப் போதுமான கார்தான்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை இறங்கி வரும்போது கொண்டைஊசி வளைவு ஒன்றில் காரின் பின்பக்கம், தான் மட்டும் தனியே முன்னால் போக விரும்பியதைப் போல விலகியது. லூர்துநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஒரு முழுச் சுற்றில் பாதி சுற்றி, தடுப்புச் சுவரை முட்டாமல் நின்றது.

அனிதா மேரி கத்தவில்லை. இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு, பின் டயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல கோடே இல்லையே."

"இருந்துச்சு."

"எப்ப?"

"ரெக்ஸு போறப்ப."

அவள் திரும்ப வந்து உட்கார்ந்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "அடுத்த வாரத்துக்குள்ள மாத்திருங்க. டூட்டியில அடிபட்டவுகளுக்குக் கட்டுப் போடுறது பழகிருச்சு. நானே போயி அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்."

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் மேலே போனாள். அன்றைக்கே லூர்துநாதன் தேனிக்குப் போனார். அந்த அளவு டயர் மாவட்டத்தில் ஒரே கடையில்தான் கிடைக்கும், அந்த அலாய் சக்கரத்தில் கீறல் விழாமல் டயர் மாட்டும் மெஷினும் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். கடைக்காரர் எபனேசர், சுத்தமான வெள்ளைச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நாலு டயர் வேண்டும் என்று லூர்துநாதன் சொன்னதும், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"பேரவையில பரிந்துரை வாங்கிட்டீகளா?"

"எந்தப் பேரவைங்க?"

எபனேசர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். தேனி மாவட்ட உயர்செயல்திறன் ஊர்தியாளர் பேரவை என்று ஒன்று இருக்கிறது. மாற்றியமைத்த கார் வைத்திருக்கிறவர்களின் அமைப்பு. அதற்கு எபனேசரே பொருளாளர். பேரவையின் டயர்த் தேர்வுக் குழு பரிந்துரைக்காமல் அவர் இந்த அளவு டயரை விற்பதில்லை.

"போன வருசம் ஒருத்தருக்கு அவசரம்னு கேக்காமக் குடுத்துட்டேன். தலைவர் என்கூட ரெண்டு மாசம் பேசவே இல்ல. டயர் விக்கிறது பெருசில்லங்க. தப்பான டயர் ஒரு ஆத்மாவுக்குப் போயிரக் கூடாது."

"மலையில வழுக்குதுங்க."

"வழுக்கத்தான் செய்யும். அதுக்காக டயரப் போட்டுற முடியுமா?"

லூர்துநாதன் விதி என்று யாராவது சொன்னால் எழுந்து நிற்கிற மனிதர். அன்றைக்கே உறுப்பினராகச் சேர்ந்தார்.

பேரவையின் கூட்டம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தலைவர் சண்முகராஜ் போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருடைய சிவப்புக் கார், கூட்டத்துக்குத் தட்டை லாரியின் முதுகில் ஏறி வந்தது. நாலு பேர் அதைப் பிடித்து இறக்கினார்கள். எல்லோரும் சுற்றி நின்று அதன் டயரைப் பார்த்தார்கள். புது டயரில் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஒன்றுகூட உதிராமல் இருந்தது.

"இந்த டயர் போட்டு ஆறு வருசமாச்சு" என்று தலைவர் மைக்கில் ஆரம்பித்தார். "இன்னைக்கும் ஒரு முடி கொட்டல. காரணம் என்ன? பராமரிப்பு. நம்ம ஆளுகள்ல சில பேரு டயரு ஓட்டுறதுக்குன்னு நெனைக்கிறாக. அது ஒரு ஆரம்ப நிலை. நானும் ஒரு காலத்துல அங்கன நின்னவன்தான். அதுக்கு மேல ஒரு நிலை இருக்கு. அங்க டயரு இருக்கும், ரோடு இருக்காது."

கை தட்டினார்கள். லூர்துநாதனும் தட்டினார்.

பிறகு அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர் கார்த்திக்ராஜ் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். தேனியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். எல்லா டயரைப் பற்றியும் எல்லா நாட்டுக்காரர்களும் சொன்னதைப் படித்திருந்தான்.

"சார், உங்க டிரைவிங் ஃபிலாசபி என்ன?"

லூர்துநாதன் யோசித்தார். "மேல போகணும். திரும்பி வரணும்."

"அதத் தவிர?"

"வர்றப்ப மேரியும் வரணும்."

கார்த்திக்ராஜ் தலைவரைப் பார்த்தான். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "டிரை கிரிப், வெட் கிரிப், சத்தம், ஆயுசு. இந்த நாலுல எத விட்டுக் குடுப்பீங்க சார்?"

"ஆயுசுன்னா யாரோட ஆயுசுங்க?"

"டயரோடது."

"அப்ப அத விட்டுறலாம்."

இந்தப் பதில்தான் பேரவையை இரண்டாகப் பிளந்தது. டயரின் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கூட்டம் கார்த்திக்ராஜின் பின்னால் இருந்தது. டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதுதான் முக்கியம் என்று இன்னொரு கூட்டம் எபனேசரின் பின்னால் இருந்தது. புது உறுப்பினர் ஆயுசை விட்டுக்கொடுத்தது மென்மைக்காரர்களுக்குக் கிடைத்த வெற்றி என்று யாரோ சொல்ல, விறைப்புக்காரர்கள் டீயை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். வடை எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்பதில் கொஞ்ச நேரம் போனது.

எபனேசர் எழுந்து பேசினார். "என் கடையில இருக்குறது நல்ல டயருன்னு நான் சொல்ல வரல. நல்ல டயருதான் என் கடையில இருக்குன்னு சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அது மனச்சாட்சி உள்ளவுகளுக்குத் தெரியும்."

முடிவாக, கம்பம்மெட்டில் மழை பெய்கிறபடியால் ஈரச் சாலைச் சோதனை நடத்திப் பார்த்துப் பரிந்துரைப்பது என்று தீர்மானித்தார்கள். தேனிக்கு வெளியே ஆளில்லாத மனைப்பிரிவு ஒன்றில் தார் ரோடு இருந்தது. அதில் தண்ணீர் லாரியை ஓடவிட்டு நனைத்து, இரண்டு தரப்பு டயரையும் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

சோதனையன்று காலையிலேயே தேனியில் மழை கொட்டியது. ரோடு முழுக்கத் தண்ணீர். தண்ணீர் லாரியும் வந்து, வைப்பரை ஆட்டிக்கொண்டு ஓரமாக நின்றது. தலைவர் காருக்குள்ளிருந்து கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி வானத்தைப் பார்த்தார். சோதனை ரத்து என்றார்.

லூர்துநாதன் குடையோடு பக்கத்தில் போனார். "ரோடுதான் நனைஞ்சிருச்சேங்க."

"நனைஞ்சிருச்சு. யாரு நனைச்சா? நாம ஏற்பாடு பண்ணுனது லாரித் தண்ணி. அது எல்லாப் பக்கமும் ஒரே அளவா விழும். இது எங்கன விழும், எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? இத வச்சு ஒரு பேரவை முடிவெடுக்க முடியுமா?"

"நான் போற ரோட்டுல இதாங்க விழுகுது."

"அது அந்த ரோட்டோட பிரச்சினை" என்றார் தலைவர், கோபமில்லாமல்.

அந்த வாரமும் அனிதா மேரி பஸ்ஸில்தான் வந்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை மலையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. மரத்தை வெட்டி ஒதுக்கியபிறகு லூர்துநாதன் காரை எடுத்துக்கொண்டு போய், மாட்டுவண்டியைவிட மெதுவாக அவளை இறக்கிக்கொண்டு வந்தார். அப்படியும் ஒரு வளைவில் கார் நழுவியது. எதிரே ஏலத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிய ஜீப் வந்துகொண்டிருந்தது. ஜீப் டிரைவர் தன் வண்டியைச் சாக்கடைப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டார். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. ஜீப்பில் இருந்த பெண்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்த முகங்கள் வரிசையாக அவரைப் பார்த்தன. அதற்குப் பதில் அவர்கள் திட்டியிருக்கலாம் என்று லூர்துநாதனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, அனிதா மேரி சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்:

"நான் திங்கக்கெழம போறேன்ல. இனி மழை நிக்கிற வரைக்கும் வரல."

"மழை நிக்க செப்டம்பர் ஆயிருமே மேரி."

"ஆகட்டும். அந்த ஜீப்புல பின்னாடி ஒக்காந்திருந்தது ஞானபாக்கியம். போன வாரந்தான் பிரசவத்துக்கு அவ தங்கச்சிய எங்க வார்டுல சேத்திருந்தா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

மறுநாள் பூசைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. திங்கட்கிழமை அவள் வழக்கத்தைவிடப் பெரிய பையோடு பஸ் ஏறினாள்.

அவர் பேரவைக்கு ஓடினார். நிலைமையைச் சொன்னார். தலைவர் மனம் இளகி, பேரவையின் ஸ்டிக்கர் ஒன்றைத் தன் கையாலேயே அவருடைய காரின் பின்கண்ணாடியில் ஒட்டினார். விரைந்து முடிவெடுக்க ஒரு துணைக் குழு போட்டார்கள். துணைக் குழுவில் மென்மைக்காரர்களும் விறைப்புக்காரர்களும் சம அளவில் இருந்தபடியால் அது கூடும் இடத்தை முடிவு செய்யவே பல நாள் ஆனது. ஒரு நாள் டயரை முகர்ந்து பார்த்தார்கள். ஒரு நாள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார்கள். யாருடைய நகம் என்பதில் அபிப்பிராய பேதம் வந்தது. வீட்டில் லூர்துநாதன் தானே சோறு வடித்துக்கொண்டார். ராத்திரி போனில் அனிதா மேரி, "என்ன சொன்னாக?" என்று கேட்பாள். "பேசிக்கிட்டு இருக்காக" என்பார். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஆகஸ்டில் பரிந்துரை வந்தது. கார்த்திக்ராஜ் அவரை உட்காரவைத்து, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரே டயர் அது. மென்மையும் விறைப்பும் அதில் சேர்ந்திருந்தன.

"வாங்கிரலாங்களா?" லூர்துநாதன் எழுந்துவிட்டார்.

"ஒரே ஒரு விசயம் சார். உங்க சைஸுல அது வர்றதில்ல. இதவிடப் பெரிய ரிம்முக்குத்தான் வருது. அதனால மொதல்ல ரிம்ம மாத்திருவோம். ரிம் மாத்துனா சக்கரத்துக்கு மேல இருக்குற வீல் ஆர்ச்சுல உரசும், அத வெட்டிருவோம். பிரேக்கும் சின்னதாத் தெரியும், அதையும் மாத்திருவோம். அவ்வளவும் மாத்துனா என்ஜினு பத்தாது."

"டயருக்காகக் காரையே மாத்தணுங்களா?"

பக்கத்திலிருந்த தலைவர் அவர் தோளில் கை வைத்தார். "லூர்து, உங்க டயருக்குத் தடையா இருக்கிறது உங்க காருதான். இது எல்லாருக்கும் ஒரு நாள் புரியும். உங்களுக்குச் சீக்கிரம் புரிஞ்சிருச்சு."

அன்று ராத்திரி அவர் அனிதா மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் வார்டில் யாரோ இருமும் சத்தம் மட்டும் கேட்டது.

"டயருல நம்பரு எழுதியிருக்குமாமே" என்றாள் அவள் கடைசியில். "அத போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். மறுநாள் மத்தியானமே பதில் வந்தது. கட்டப்பனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டயர்க் கடை. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அவள் தாண்டிப்போகிற கடைதான். போட்டோவைக் காட்டினாளாம். இருக்கிறது என்றார்களாம்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் லூர்துநாதன் காரை ஊர்ந்தபடி மேலே ஏற்றிக் கட்டப்பனைக்குக் கொண்டுபோனார். கடைக்காரருக்கு டயரைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"எத்ர எண்ணம்?" என்று மலையாளத்தில் எண்ணிக்கையைக் கேட்டார்.

"நாலு."

அடுத்த கேள்விக்காக லூர்துநாதன் தயாராக நின்றார். "சாயா வேணோ?" என்று கேட்டார் கடைக்காரர். அதற்கும் பதில் சொன்னார். அவர்களிடமும் அந்தச் சக்கரத்துக்கான மெஷின் இருந்தது. சாயா ஆறுவதற்குள் இரண்டு டயர் மாட்டியாகிவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்ததில் லூர்துநாதனுக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல இருந்தது. தன் ஃபிலாசபியையாவது சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு அனிதா மேரி பையோடு விடுதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முதல் மூன்று வளைவுவரை அவள் மேலே இருந்த கைப்பிடியை விடவில்லை. நாலாவது வளைவு தாண்டியதும் விட்டுவிட்டு, இத்தனை வாரமும் வார்டில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கம்பம் வரும்வரை சொல்லி முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பெட்ரோல் பங்கில் எபனேசர் அந்த டயர்களைப் பார்த்துவிட்டார். லூர்துநாதனை விசாரிக்கப் பேரவை முடிவு செய்தது. ஆண்டு விழா கம்பம்மெட்டில் ஒரு தங்கும் விடுதியில் சனிக்கிழமை நடப்பதாக இருந்ததால், விசாரணையையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

"வர முடியாதுன்னு சொல்லிருங்களேன்" என்றாள் அனிதா மேரி.

"கூப்பிட்டிருக்காக. வர்ற வழிதான?"

"சரி, வாங்க. சாயாவாச்சும் தருவாக."

அவர்கள் போனபோது மழை வலுத்துவிட்டது. விடுதி முற்றத்தில் பேரவையின் கார்கள் வரிசையாக, பாலித்தீன் தாளால் மூடி, கயிறு கட்டி நின்றன. எல்லாம் காய்ந்த ரோட்டுக்கென்றே போட்ட டயர்கள். காலை வெயிலில் மேலே ஏறியவை. தலைவருடையது வழக்கம்போல லாரியில். உள்ளே தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரவை உங்களுக்கு என்ன கொறை வச்சது?" என்று தலைவர் ஆரம்பித்தார். "மூணு மாசம். எத்தன கூட்டம், எத்தன பேரு மண்டைய ஒடச்சிக்கிட்டோம். ஒரு முடிவுக்கு வர்றதுங்கறது லேசான காரியமா? அதுக்குள்ள நீங்க போயி டயர வாங்கிட்டீகளே. எல்லாரும் இப்படித் தேவைப்பட்டதும் வாங்கிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு?"

"அதாங்க" என்றார் லூர்துநாதன், ஆமோதிக்கிற குரலில்.

அவர்கள் தீர்ப்புச் சொல்வதற்குள் லாரிக்காரர் போன் செய்தார். ஏலக்காய் லோடு ஒன்று கிடைத்ததால் கட்டப்பனைப் பக்கம் போய்விட்டாராம், நாளைக்குத்தான் வருவாராம். தலைவருக்கு விடிந்தால் போடியில் கல்யாண வீடு. எபனேசர் ஞாயிறு காலை கோயிலில் காணிக்கை எடுக்க வேண்டியவர். கார்த்திக்ராஜ் ஜன்னல் வழியாக மழையையும், மூடிக்கிடந்த தன் மென்மையான டயரையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசினார்கள்.

"லூர்து" என்றார் தலைவர். "நீங்க எப்படியும் கீழதான போறீக?"

அனிதா மேரி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பேரவை பின்னால் நெருக்கி உட்கார்ந்தது. ரெக்ஸ் போட்டிருந்த விறைப்பான ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்கு வந்தது. இரண்டாவது வளைவிலேயே எபனேசரின் முகம் வெளிறியது. அனிதா மேரி பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, வார்டில் கொடுக்கிற மாதிரியே திரும்பிப் பார்க்காமல் நீட்டினாள். "வாயால மூச்சு விடுங்கண்ணே."

"மெதுவாப் போங்க லூர்து" என்றார் தலைவர்.

"மெதுவாத்தாங்க போறேன்."

மழை மட்டும் கூரையில் அடித்தது. பயம் தெளிந்ததும் கார்த்திக்ராஜுக்குக் கடமை நினைவு வந்தது. மூன்று பேரும் இருப்பதால் நிலுவையில் உள்ளதை இங்கேயே முடித்துவிடலாமா என்று கேட்டான். தலைவர் தலையசைத்தார். அவன் போன் வெளிச்சத்தில் வாசித்தான்: பேரவையின் பரிந்துரை இல்லாத இந்த டயர்கள் மலைச் சாலைக்குப் பொருத்தமற்றவை என்று இக்குழு கருதுகிறது, அவற்றில் பயணம் செய்வது பேரவையின் மாண்புக்கு ஒவ்வாது, எனவே உறுப்பினர் லூர்துநாதன் நீக்கப்படுகிறார். பின்னால் மூன்று கைகள் உயர்ந்தன. எபனேசர் கவரைப் பிடிக்காத கையைத் தூக்கினார்.

"சம்பந்தப்பட்ட உறுப்பினரும் ஓட்டுப் போடணும் சார். ஆதரவுன்னா கையத் தூக்குங்க."

"வளைவுங்க. கைய எடுக்க முடியாது. என்னோடதயும் ஆதரவுலயே சேத்துக்கங்க."

"ஒருமனதாக" என்றான் கார்த்திக்ராஜ்.

"வருத்தந்தான் லூர்து" என்றார் தலைவர். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"சரிங்க."

அனிதா மேரி இப்போதுதான் முழுதாகத் திரும்பினாள். "அப்ப இந்த நிமிசத்துலருந்து இவுக உங்க மெம்பர் இல்லையா சார்?"

"இல்லம்மா."

"மெம்பர் இல்லாதவுக காருல, பரிந்துரை இல்லாத டயருல, பேரவைக்காரவுக போகலாமா? விதியில என்ன போட்டிருக்கு?"

கார்த்திக்ராஜ் போனில் விதிமுறையைத் திறக்கப் பார்த்தான். சிக்னல் இல்லை. எபனேசர் கவருக்குள்ளிருந்து தலையைத் தூக்கித் தலைவரைப் பார்த்தார். வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். கம்பத்தின் விளக்குகள் இன்னும் எங்கோ அடியில் இருந்தன.

தலைவர் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத கீழ போயி ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்மா" என்றார்.

லூர்துநாதன் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.